மூடியைக் கொஞ்சம் சாய்த்து வை

தம்பி,

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். உன் அப்பா பக்கத்து நாற்காலியில் இருப்பார். அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு வாய் வராது. இன்றைக்கு எனக்குக் கடை விடுமுறை. அவர் பென்ஷன் வேலையாக ஆட்டோ வைத்துத் தல்லாகுளம் போயிருக்கிறார், வர மத்தியானம் ஆகும். அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். இதை உன் அறையில் இருக்கிற பையன்கள் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அவர்களும் படிப்பது நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது, ஊரிலிருந்து கொடுத்துவிட்ட கருவாட்டுத் தொக்கு கெடாமல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, தினமும் கொஞ்சம் சோற்றில் போட்டு ஓவனில் சூடு பண்ணிச் சாப்பிடுகிறேன் என்றாய். வாடைக்கு மற்ற பையன்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்று நான்தான் கேட்டேன். அதற்கு நீ, "டப்பா மூடியில கிளிப் போட்டு, அதுக்கு மேல பிளாஸ்டிக் பேப்பரைச் சுத்தி இறுக்கி வச்சிருவேன்மா. வாடை துளி வெளிய வராது. அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றாய். ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி சிரிக்கவும் செய்தாய். பிறகு லைன்ல இருக்கியாம்மா என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை ஒன்றும் இல்லை.

மீதியைப் பொறுமையாகப் படிப்பாயோ மாட்டாயோ, அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவனுக்குள் வைக்கிற எதையும் இறுக்கி மூடாதே. மூட வேண்டாம் என்று சொல்லவில்லை, மூடத்தான் வேண்டும். மூடாவிட்டால் குழம்பு தெறித்து உள்ளே எல்லாம் அப்பிக்கொள்ளும், சோறும் காய்ந்து விறைத்துப்போகும். ஆனால் மூடியைக் கொஞ்சம் சாய்த்து வை. ஒரு பக்கம் ஆவி போக வழி இருக்க வேண்டும். கிளிப் வைத்த டப்பா என்றால் கிளிப்பை எல்லாம் எடுத்துவிட்டு மூடியைச் சும்மா மேலே வை. அந்தப் பிளாஸ்டிக் பேப்பரை விட்டுவிடு. ஓவனுக்கு என்று போட்டிருக்கிற கண்ணாடிக் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ வாங்கிக்கொள், அதன் மேல் ஒரு பீங்கான் தட்டைச் சாய்த்து மூடினால் போதும். எவர்சில்வர் தட்டையோ, பார்சலில் வருகிற அந்த வெள்ளித்தாளையோ போட்டு மூடிவிடாதே, பொறி பறக்கும். ஓவன் நின்றதும் அவசரப்பட்டு எடுக்காதே. கொஞ்ச நேரம் அப்படியே விடு. எடுத்து மேடையில் வைத்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, உனக்கு அந்தப் பக்கமாக இருக்கிற ஓரத்தை முதலில் தூக்கு. ஆவி அந்தப் பக்கமே போய்விடும். குழம்பும் தொக்கும் எண்ணெய் உள்ளவை. மேலே பார்த்தால் சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், அடியில் கொதிக்கும். பாதியில் நிறுத்தி ஒரு கிண்டு கிண்டிவிட்டு மறுபடி வை.

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்பாய். படிக்கவில்லை. உன் அப்பாவின் வலது கண்ணிலும் கழுத்திலும் இருக்கிற தழும்பில் தெரிந்துகொண்டேன்.

ஆபீஸில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று உனக்குச் சொன்னோம். நீ அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நேரம். விழுந்தடித்துக்கொண்டு வந்தாய், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். அப்பாவும் வெந்நீர் என்றார், நானும் வெந்நீர் என்றேன். பிறகு நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அது வெந்நீர் இல்லை தம்பி. நான் கட்டிக்கொடுத்த கருவாட்டுக் குழம்பு.

உன் அப்பா மத்தியானச் சோறு சூடாகத் தின்றது அந்த ஓவன் வந்த பிறகுதான். இது உனக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அவருடைய அப்பாவும் அம்மாவும் திருவாதவூரில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். விடியலில் வடித்த சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துப்போய், உச்சிவெயிலில் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இவரும் கூடப் போவார். ஆறிப்போன சோறு என்றால் அவருக்கு அந்த வரப்பும், எழும்பு எழும்பு என்று மேலே நின்று சொல்கிற ஆளின் குரலும்தான் ஞாபகம் வரும். கல்யாணம் ஆன புதிதில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் படித்து, பரீட்சை எழுதி, தல்லாகுளத்தில் கிளார்க் வேலைக்கு வந்தார். காளவாசலில் நாம் வீடு பார்த்துக் குடிவந்தோம். நானும் ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் அரக்கப்பரக்கச் சமைத்து இரண்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்புவோம். அந்தச் சோறு மத்தியானத்துக்குள் ஆறித்தான் போகும். அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

அப்புறம் அவர்கள் ஆபீஸில் ஒரு அதிகாரி ஓய்வு பெறும்போது, எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று ஒரு மைக்ரோவேவ் ஓவனை வாங்கி வைத்துவிட்டுப் போனார். சாப்பிடுகிற அறையில் ஜன்னலோரம் வைத்தார்களாம். முதல் நாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, இன்றைக்கு ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டேன் என்றார். நான் கத்தரிக்காய்க் குழம்புதான் கட்டிக்கொடுத்திருந்தேன். அதைப் போய் அம்புட்டு ருசி என்றார். இனிமேல் கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்றார். கருவாட்டுக் குழம்பு ஆறினால் நல்லா இருக்காது என்று அதுவரை நான் வேலை நாளில் வைப்பதில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் வைத்தேன். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, உனக்குப் பிடிக்குமே, அதே பக்குவம். ஓவனில் வைப்பதற்குத் தோதாகக் கிளிப் வைத்த கனமான டப்பா ஒன்றும் வாங்கினேன். குழம்பு சிந்தாது என்று கடைக்காரர் சொன்னார்.

அது நடந்த அன்று நான் கடையில் சேலை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு வேலை பார்க்கிற பானுமதி போன் பண்ணினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரை அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிற பெண். அண்ணனுக்கு முகத்தில் சுட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், நீங்கள் நேராக அங்கே வந்துவிடுங்கள் என்றாள். ஆட்டோவில் போகும்போதெல்லாம் கை விரலில் ஏதோ சுட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன், முகம் என்று அவள் சொன்னது என் காதில் விழாத மாதிரி. போய்ப் பார்த்தால் வலது பக்கம் பூராவும் துணி வைத்து மூடியிருந்தார்கள். கழுத்து சிவந்து தோல் வழன்றிருந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கக் குழம்பு. அந்த அறைக்குள் நுழையும்போதே கருவாட்டு வாடை. நான் கிட்டே போனதும் வலிக்கிறது என்று சொல்லவில்லை, கண் தெரியவில்லை என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயி வேற சட்டை எடுத்துட்டு வா. இதைப் போட்டுக்கிட்டு எப்படி இங்க படுத்திருக்கிறது" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்தேன். கடைசியில் நர்ஸ் ஒரு ஆஸ்பத்திரி அங்கி கொடுத்து, அந்தச் சட்டையை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் அடங்கினார்.

டாக்டர் என்னிடம் டப்பா எப்படிப்பட்டது என்று கேட்டார். சொன்னேன். அவர்தான் விளக்கினார். இறுக்கி மூடின டப்பாவுக்குள் ஆவி சேர்ந்துகொண்டே போகும், வெளியே வர வழி இருக்காது. கிளிப்பை எடுத்த உடனே உள்ளே இருக்கிற மொத்த வேகமும் ஒரே அடியாக மேலே வரும், குழம்பையும் அள்ளிக்கொண்டு வரும். எண்ணெயும் மிளகாயும் கலந்த குழம்பு என்பதால் வெறும் தண்ணீர் பட்டதைவிடக் காயம் ஆழம் என்றார். குனிந்து கிட்டே வைத்துத் திறந்திருக்கிறார், அதனால்தான் நேராகக் கண்ணில் அடித்திருக்கிறது, ஏன் அம்புட்டுக் கிட்டே குனிந்தார் என்று தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை. வீட்டில் குக்கர் மூடியைக்கூட நான் திறக்கும்போது தள்ளி நில்லு என்று சொல்கிற மனுஷர் அவர். ஏன் கிளிப்போடு வைத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். எடுக்க மறந்துட்டேன் என்றார்.

கழுத்துப் புண் ஆறியது. கண் ஆறவில்லை. கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. பனிக்குள்ளே பார்க்கிற மாதிரி ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. காளவாசல் ரோட்டைத் தாண்டுவதற்கே என் தோளைப் பிடித்துக்கொள்வார், வலது பக்கம் வருகிற பஸ் அவருக்குத் தெரியாது.

அவர் வீட்டில் படுத்திருந்தபோது ஆபீஸ் கண்காணிப்பாளர் பார்க்க வந்தார். அப்பாவைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். ஆப்பிள் வாங்கி வந்தார். அண்ணே அண்ணே என்று மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே என்றார். அப்பா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டு, ஆமா சார் என்றார். நான் காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றார். பரவாயில்லை கொஞ்சமாகக் குடியுங்கள் என்றேன். சிரித்தார், டம்ளரைத் தொடவில்லை. அவர் போன பிறகு ஆடை படிந்து கிடந்த அந்தக் காபியை எடுத்துப்போய் ஊற்றினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கண்காணிப்பாளர் இந்த ஆபீஸுக்கு வந்த புதிதில், திருவாதவூரில் எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டாராம். அந்தக் கேள்வி எதற்கு என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துவைத்தது பானுமதி. ஒரு வாரம் கழித்து வந்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை அக்கா என்றாள். ஓவன் வந்த கொஞ்ச நாளிலேயே, கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன ஒரு நாள், கண்காணிப்பாளர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பொதுவாக எல்லாரும் வைக்கிற இடம் அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கோங்க என்று சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். மறுநாள் ஓவன் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பிறருக்கு இடையூறு தரும் உணவுகளைச் சூடுபடுத்த வேண்டாம் என்று. அதே ஓவனில் பிரியாணி வைத்தார்கள், மீன் வறுவல் வைத்தார்கள், முட்டை வைத்தார்கள். அதற்கெல்லாம் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. நம்ம வீட்டுக் குழம்பு மட்டும்தான் இடையூறு. பானுமதி ஒருநாள் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கிறாள், மறுநாள் வேறு ஒட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரை காத்திருப்பாராம். குழம்பு டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூடியை இறுக்கி, நான்கு கிளிப்பையும் போட்டு ஓவனில் வைப்பார். எடுத்துக்கொண்டு நேராகப் பழைய பைல் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார். திறக்கும்போது வாடை பரவக் கூடாது என்று டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, தலையோடு சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு திறப்பாராம். பானுமதி ஒரு தடவை பைல் எடுக்கப் போய்ப் பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி வந்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் ஏன் அம்புட்டுக் கிட்டே குனிந்தார் என்று டாக்டர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, அம்புட்டுத்தான் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு எதையாவது கட்டிக்கொடுத்திருப்பேனே என்றேன். மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டிலை மூடினேன். அப்போதுதான் சொன்னார்.

"சொன்னா நீ வைக்கிறதை நிறுத்திருவ. எனக்கு அது வேணும். அவங்க முன்னாடி திங்கவும் தெம்பில்ல, விடவும் மனசில்ல."

எனக்குக் கோபம் வந்தது தம்பி. அந்தக் கண்காணிப்பாளர் மேல் வர வேண்டிய கோபம், அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால், கண்ணை மூடிப் படுத்திருந்த மனுஷர் மேல் வந்தது. "அப்ப இம்புட்டு நாளும் என் சமையலை ஒளிச்சு வச்சுத்தான் தின்னீங்களா" என்று கேட்டேன். நான் எழுந்து போய் அடுப்படி அலமாரியில் இருந்த கருவாட்டு டப்பாவை எடுத்து அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் கருவாடு வாங்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நான் வாங்கவில்லை, அவர் கேட்கவில்லை. எதை விட மனசில்லை என்று சொன்னாரோ அதை நானே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்பது புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று. புரிந்த பிறகும், மறுபடி எந்த நாளில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு பேச்சைப் பேசாமல் விட்டுவிட்டால், அது வளர்ந்து வளர்ந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிடுகிறோம்.

மறுபடி வேலைக்குப் போனார். ஓவனைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்திருந்தார்களாம். மூடிய பாத்திரங்களை வைக்கக் கூடாது என்று இன்னொரு காகிதமும் சேர்ந்திருந்தது. எதற்காக மூடினார் என்று அந்த ஆபீஸில் பானுமதியைத் தவிர யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய கவனக்குறைவு என்றே எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் அந்த ஓவன் பக்கம் போகவில்லை. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு என்று எதையாவது கட்டிக்கொடுப்பேன். ஆறினபடியே சாப்பிட்டுவிட்டு வருவார்.

இந்தத் தடவை நீ லீவில் வந்தபோது, அம்மா உன் கருவாட்டுத் தொக்கு சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு, போகும்போது கொஞ்சம் செய்து கொடு என்று கேட்டாய். அப்பா ஹாலில் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்தார். மறுநாள் நெத்திலி வாங்கி வந்து, கழுவி, எண்ணெயில் போட்டதும் வாடை வீடெல்லாம் எழும்பியது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ ஊருக்கு வந்த நண்பர்களைப் பார்க்கப் போயிருந்தாய், உனக்குத் தெரியாது. தொக்கு ஆறியதும் நான் பாட்டிலில் அடைத்து மூடிய பிறகுதான் திரும்பி வந்தார். அந்தத் தொக்கைத்தான் நீ அங்கே இறுக்கி மூடி, பேப்பர் சுற்றி, பையன்களுக்குத் தெரியாமல் சூடு பண்ணுகிறாய். உனக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா அப்படிச் செய்தார் என்பதே உனக்குத் தெரியாது. பிறகு எப்படி அதே மாதிரி செய்கிறாய் என்று நினைத்து நினைத்து எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசே சரியில்லை.

அந்தப் பையன்களிடம் கேட்டுப் பார்த்தாயா? அவர்கள் ஒருவேளை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் கொஞ்சம் கொடு என்று கேட்கக்கூடச் செய்யலாம். அல்லது சொல்லவும் சொல்லலாம், சிரித்துக்கொண்டே. எனக்குத் தெரியாது. வாடை வந்தால் வரட்டும் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதிவிட்டு நான் இங்கே காளவாசலில் இருப்பேன், அந்த அறையில் அவர்களோடு இருக்கப்போவது நீ. அதனால் தைரியமாக இரு என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வரவில்லை. கண்ணைப் பார்த்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். கூச்சமாக இருந்தால் தொக்கைச் சூடு பண்ணாமல் அப்படியே போட்டுக்கொள், சோற்றை மட்டும் சூடு பண்ணு. அதுவும் முடியாவிட்டால் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். ஒளிப்பதற்காக மட்டும் எதையும் மூடாதே. மூடுகிறபோது மனசு முழுக்க வாடையில் இருக்கும், ஆவியில் இருக்காது. உன் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது.

இதுவரை எழுதி மடித்துப் பீரோவில் வைத்திருந்தேன். அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இப்போது அனுப்பத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. கடையில் நாள் முழுக்க நின்று காது அடைத்துப் போய்விடுகிறது என்று நான் எப்போதும் அதில்தான் போட்டுப் பேசுவேன், உனக்குத் தெரியும். அப்பா உள்ளே தூங்குகிறார் என்று நினைத்தேன், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நேற்றுச் சாயங்காலம், கொஞ்சம் நடந்துவிட்டு வாரேன் என்று தனியாகக் கிளம்பினார். நான் வருகிறேன், ரோட்டைத் தாண்ட வேண்டாமா என்றேன். வேண்டாம் என்றார். வர நேரமானது. நான் வாசலில் நின்றேன். இருட்டுகிற நேரத்தில் ஒரு பையோடு வந்தார். பாத்திரக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறார். பைக்குள் ஓவனில் வைக்கிற கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, அதோடு குடை மாதிரி கவிழ்த்து வைக்கிற மூடி ஒன்று. மூடியின் உச்சியில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

மேசை மேல் வைத்துவிட்டு, அந்த மூடியை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் ஒவ்வொரு ஓட்டையாகத் தடவிப் பார்த்தார்.

"இதைத் தம்பிக்கு அனுப்பி வையி. ஆவி இது வழியா வெளிய போயிரும்" என்றார்.

சரி என்றேன். மூடியைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"வாடையும் போகும்" என்றார்.

நான் பையை எடுத்து மடித்தேன்.

"போகட்டும்னு சொல்லு. என்ன வாடைன்னு கேட்டா, எங்கம்மா செஞ்ச கருவாட்டுத் தொக்குன்னு சொல்லச் சொல்லு. நான் சொல்லல. அவன் சொல்லட்டும்."

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அந்தப் பேரை அவர் வாயால் சொன்னது நேற்றுத்தான். உனக்குக் கொடுத்தது போக, ஒரு சின்னப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து நான் உள்ளே ஒளித்து வைத்திருந்தேன். அதை நினைத்துக்கொண்டுதான், சோறு சூடாக இருக்கிறது, உங்களுக்குக் கொஞ்சம் தொக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். எந்தக் கண்ணால் பார்த்தார் என்று தெரியவில்லை.

"எனக்கு வேணாம். ரசம் போதும்" என்றார்.

ரசம் ஊற்றிப் போட்டேன். சாப்பிட்டார். பார்சலை நாளைக்குக் கூரியரில் போடுகிறேன்.

அம்மா